மேற்படி தாவரமும் முட்டைக்கோஸ் தண்ணீரும்

சாலையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கைக் கண்டால் நின்றுவிடுகிற மனிதர் அவர். வண்டியில் போனால் மட்டுமல்ல, நடந்து போகும்போதும் நிற்பார். ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிற உத்தியோகம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘சிக்னல் சார்’. பின்பக்கமாக வண்டியை எடுத்து நிறுத்தும்போது அடையாளத்துக்கு வைத்த டிரம்மில் ஒரு மயிரிழை உரசினாலும் ஃபெயில்தான். கூடப்பிறந்த தம்பியையே ஃபெயிலாக்கியவர். தம்பி அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்குச் சைக்கிளில்தான் வருவான், வேண்டுமென்றே மணியடித்துக்கொண்டு.

அப்படிப்பட்டவருடைய வீட்டுக்குள் கஞ்சா எண்ணெய் வந்தது பாப்பாவால்.

பாப்பா அவருடைய ஒரே மகள். இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாளே தவிர, போனது கொஞ்ச நாள்தான். வலிப்பு. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டி கையிலிருந்து தெறிக்கும். கண் மேலே செருகும். உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுக்கும். ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணுவதை அவள் அம்மா விட்டுவிட்டாள். வீட்டுக்குள்ளேயே பிள்ளைக்கு ஹெல்மெட். மேஜை முனைகளில் பழைய துணியைச் சுற்றி வைத்திருந்தார்கள். மருந்துகள் மாறின. ஒன்று பிள்ளையைத் தூங்கவைத்தது, ஒன்று பசியைக் கொன்றது, ஒன்று பல்லீறை வீங்கவைத்தது. வலிப்பு மட்டும் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

கடைசியில் நரம்பு டாக்டரம்மா ஒரு நாள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மேஜை மேலிருந்த போனை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

“இனி நான் சொல்றதை நான் சொல்லல” என்றார்.

சிக்னல் சார் தலையாட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஒரு எண்ணெய் இருக்கு. போதை ஏத்தற சத்து அதுல ரொம்பக் குறைச்சல். பக்கத்து நாட்டுல டாக்டருங்களே எழுதிக் குடுக்கறாங்க. எல்லாப் பிள்ளைக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன். சில பிள்ளைங்களுக்கு நல்லாவே கேக்குது.”

“இங்க எழுதிக் குடுங்க டாக்டர், வாங்கிக்கறேன்.”

“எழுத முடியாது. மேற்படி தாவரத்துல இருந்து எடுக்கறது.”

“எந்தத் தாவரம்?”

“மேற்படி தாவரம். பேரைச் சொன்னா பரிந்துரை பண்ணின மாதிரி ஆயிடும்.”

அவருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் காது மடல் சூடாகிவிட்டது. “கஞ்சாவா?” என்றார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எந்தப் பொருள் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அட்டவணை வாரியம். மருத்துவப் பயன் அறவே இல்லாதவை முதல் அட்டவணை. டாக்டர் சீட்டில் கொடுக்கத்தக்கவை இரண்டாம் அட்டவணை. மேற்படி தாவரம் முதல் அட்டவணையில் இருக்கிறது.

“அதை இரண்டாவதுக்கு மாத்தச் சொல்லலாமே?”

“மாத்தணும்னா மருத்துவப் பயன் இருக்குன்னு இங்கயே ஆராய்ச்சி பண்ணிக் காட்டணும்.”

“பண்ண வேண்டியதுதானே?”

“முதல் அட்டவணையில இருக்கறதை ஆராய்ச்சி பண்ணக்கூடாது. சட்டம்.”

“அப்ப முதல் அட்டவணையை விட்டு எடுத்துட்டு…”

“அதுக்கு ஆராய்ச்சி வேணும்.”

எந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். ஓட்டையே இல்லாத சட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்ற தொனியில்தான் சொன்னார். அவள் பாப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, அடுத்த தடவை பாப்பா விழும்போது உங்க சட்டம் வந்து தாங்கிப் பிடிக்குமா?”

அவள் தம்பி லாரி ஓட்டுகிறவன். எல்லை தாண்டிச் சரக்கு ஏற்றிப் போய்வருவான். அடுத்த நடையில் ஷாம்பு பாட்டிலுக்குள் ஒரு சின்ன மருந்துக் குப்பியை வைத்துக் கொண்டுவந்தான். கதவைத் திறந்த சிக்னல் சாருக்குக் கை நடுங்கியது.

“மாமா, உங்ககிட்ட டெஸ்ட்டுக்கு வந்தப்போ நான்கூட இப்படி நடுங்கல” என்றான் மச்சினன்.

நாக்குக்கு அடியில் சொட்டுச் சொட்டாக. டாக்டரம்மா ‘சொல்லாமல்’ சொன்ன அளவு. பழைய மருந்தையும் நிறுத்தவில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் பாப்பா ஒரு தட்டுச் சோற்றைத் தன் கையாலேயே கரண்டி பிடித்துத் தின்று முடித்தாள். வலிப்பு சுத்தமாகப் போகவில்லை. எப்போதாவது வந்தது, வந்ததும் சீக்கிரம் விட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள். அவள் அம்மா மேஜை முனைத் துணிகளை அவிழ்த்துத் துவைத்துப் போட்டாள்.

சந்தோஷப்பட வேண்டிய மனிதர் சந்தோஷப்பட்டாரா என்றால், பட்டார். ஆனால் திருடித் தின்கிறவன் மாதிரி ஒளிந்துகொண்டு பட்டார். தெருவில் போலீஸ்காரரைக் கண்டால் தானாக வணக்கம் போட்டார். அலுவலகத்தில் யாரையும் ஃபெயிலாக்க முடியவில்லை. ஒருவன் டிரம்மை உரசவில்லை, உருட்டியே விட்டான். “மனுஷன்னா இடிக்கத்தான் செய்வான்” என்று பாஸ் போட்டுவிட்டார். அந்த மாதங்களில் நகரத்துச் சாலைகளில் கொஞ்சம் கூடுதலாக விபத்து நடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நடுவில் ஒரு முறை பரிசோதனைக்காகப் பாப்பாவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார்கள். எதிர்க் கட்டிலில் பாப்பா வயசுப் பையன் ஒருவன். அவனுக்கும் அதே வலிப்பு, அதே டாக்டரம்மா. அவர்கள் விஷயத்தில் டாக்டரம்மா இன்னும் கதவைச் சாத்தவில்லை. அவன் அம்மாவுக்குச் சலவைக்கடையில் வேலை. கைகள் சலவைச் சோடாத் தண்ணீரில் வெளுத்துப்போயிருக்கும். புருஷன் இல்லை. பழைய நாட்களில் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது இந்தப் பக்கம் இவரும் அந்தப் பக்கம் அவளுமாகப் பிள்ளைகளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு மேல் பழக்கம் இல்லை. அதைவிடப் பழக்கம் வேறென்ன வேண்டும்?

அவள் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா கட்டில் மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தாள்.

“சார், பாப்பா முகமே தெளிஞ்சிருச்சே. என்ன சார் குடுக்கறீங்க?”

அவருக்கு நேர் எதிரே, சுவரில், வாரியத்தின் அறிவிப்பு ஒட்டியிருந்தது: மேற்படி தாவரம் வைத்திருப்போரைக் காட்டிக்கொடுப்பீர், சமுதாயத்தைக் காப்பீர். அதற்குக் கீழே காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காவலாளி அப்போது நல்ல தூக்கத்தில் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிக்னல் சாரின் பார்வை அலைந்தது. மனைவி கடைக்குப் போய் வந்த பை கட்டிலுக்கடியில் இருந்தது. அதிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் எட்டிப் பார்த்தது.

“முட்டைக்கோஸ்” என்றார்.

“முட்டைக்கோஸா?”

“வேகவச்ச தண்ணி. வெறும் வயித்துல.”

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் ஒருவேளை நம்பாமல் போயிருப்பாள். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். வேலையில் எதையும் துல்லியமாகச் சொல்லியே பழகியவர். “மேல் இலையை எடுத்துடணும். மூடி வச்சு வேகவைக்கணும். உப்பு மட்டும் போட்டுடாதீங்க, போட்டா கேக்காது” என்றார்.

அவள் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வீடு திரும்பும் வழியில் மனைவி, “அந்தம்மாகிட்ட என்ன சொன்னீங்க?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல, சமையல் விஷயம்” என்றார்.

ஒரு மாதத்துக்குள் வார்டு முழுவதும் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி, அவள் சொல்லி அடுத்தவள். காய்கறிக் கடையில் விலை ஏறியது. வார்டுக்கு ஏதோ வேலையாக வந்த அட்டவணை வாரியத்தின் ஆராய்ச்சி அதிகாரி மூக்கைச் சுளித்துக்கொண்டு விசாரித்தார். விசாரித்ததும் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பாவம், அவருடைய நிலைமை அப்படி. வாரியம் அவருக்குப் பளபளவென்று ஒரு ஆய்வுக்கூடம் கொடுத்திருந்தது. அட்டவணைப் பொருள்களை ஆராய்வது அவர் வேலை; அட்டவணைப் பொருள்களைத் தொடக்கூடாது என்பது அவருக்கு விதி. அதனால் உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் நுண்ணோக்கியைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸோ எந்த அட்டவணையிலும் இல்லை!

“சார், இந்த நாட்டோட மருத்துவ வரலாற்றுல உங்க பேர் நிக்கப்போகுது” என்று சிக்னல் சாரின் அலுவலகத்துக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “வர்ற கருத்துக் கேட்புக்கு நீங்கதான் முன்னோடிப் பெற்றோர். மறுக்கக்கூடாது.”

“அது… எல்லாருக்கும் கேக்குமான்னு…”

“அடக்கம்! எங்க தலைவருக்கு அடக்கமானவங்களைத்தான் பிடிக்கும்.”

கருத்துக் கேட்பு எதற்கென்றால், டாக்டரம்மாவும் இன்னும் சில மருத்துவர்களும் மேற்படி தாவரத்தை இரண்டாம் அட்டவணைக்கு மாற்றும்படி மனுக் கொடுத்திருந்தார்கள். பொதுமக்கள் கருத்தைக் கேட்டுத்தான் எதையும் செய்வது என்பது வாரியத்தின் கொள்கை. கேட்ட பிறகு செய்ய வேண்டும் என்று அந்தக் கொள்கையில் இல்லை.

பெரிய மண்டபம். வாசலில் இரண்டு பலகைகள்: ‘மேற்படி தாவரத்தால் பயனடைந்தோர் வரிசை’, ‘பயனடையாதோர் வரிசை’. பயனடைந்தோர் வரிசையின் கோடியில் இரண்டு போலீஸ்காரர்களும், கதவு திறந்த ஒரு வேனும். அந்த வரிசையில் ஆளே இல்லை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் பலகையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், வண்டியை மெல்ல மறு வரிசைக்குத் திருப்பிக்கொண்டார்.

சிக்னல் சாரை மேடையில் ஏற்றி, சால்வை போர்த்தி, தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முன்வரிசையில் சலவைக்கடை அம்மா மடியில் பையனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலடியில் பிளாஸ்க். அவரைப் பார்த்துச் சிரித்தாள். சொந்தக்காரர் மேடை ஏறியதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. அவர் சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

முதலில் டாக்டரம்மா பேசினார். “மாத்தக்கூட வேண்டாம். ஆராய்ச்சி பண்ண அனுமதி குடுங்க, போதும். பயன் இல்லன்னு வந்தா நானே வந்து சொல்றேன்.”

“பயன் இருக்கலாம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்றார் தலைவர்.

“வெளிநாட்டு ஆய்வுகள் இருக்கு.”

“வெளிநாட்டுப் பிள்ளைகளின் வலிப்பு வெளிநாட்டு வலிப்பு. உள்நாட்டு ஆய்வு இருக்கிறதா?”

“அதுக்குத்தானே அனுமதி கேக்கறேன்.”

“அனுமதி பெறாத ஆய்வை நாங்கள் ஏற்பதில்லை. அமருங்கள்.”

பிறகு தலைவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பெரியோர்களே! மேற்படி தாவரத்தைப் பற்றி இந்த வாரியத்துக்கு எந்த முன்முடிவும் கிடையாது. காரணம், அதைப் பற்றி நாங்கள் எதையுமே படித்ததில்லை. படித்தால் ஒரு கருத்து வந்துவிடும். கருத்து வந்தால் நடுநிலை போய்விடும். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வுபெறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: ‘அட்டவணையை எப்படி வாங்கினேனோ அப்படியே உன்னிடம் ஒப்படைக்கிறேன்.’ எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் அப்படியே ஒப்படைப்பேன். என் காலத்தில் ஒரு கமா கூட நகராது!”

கைதட்டல்.

“சாராயமும் புகையிலையும் ஏன் எந்த அட்டவணையிலும் இல்லை என்று சிலர் விஷமமாகக் கேட்கிறார்கள். அவற்றால் நோய் தீருமென்று இதுவரை யாரும் மனுக் கொடுக்கவில்லையே! நோய் தீருமென்று சொல்லப்படும் பொருள்களைத்தான் நாங்கள் கடுமையாகக் கண்காணிக்கிறோம். பயனடைந்தோர் வரிசையை நீங்களே பாருங்கள். காலி! திறந்த மனதோடு பலகை வைத்தோம். ஒருவர் வந்தாரா? ஆனால் இதோ, என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் இந்த நேர்மையான அதிகாரியின் மகளுக்கு வலிப்பு நின்றது எதனால்? சட்டப்படி விளைந்த, சட்டப்படி விற்கப்பட்ட முட்டைக்கோஸால்! கையில் முட்டைக்கோஸ் இருக்க, மேற்படி தாவரம் எதற்கு?”

அப்போதுதான் முன்வரிசையில் பையனுக்கு இழுக்க ஆரம்பித்தது.

நாற்காலி சரிந்தது. அவன் தலை ஒலிபெருக்கிக் கம்பத்தின் அடியில் மோதி, வாயோரம் ரத்தம் வந்தது. கூட்டம் எழுந்து நின்றது. தலைவர் கையை உயர்த்தி அமர்த்தினார்.

“பதற வேண்டாம்! ஆராய்ச்சி அதிகாரி முன்பே அறிக்கை தந்திருக்கிறார். சாறு உள்ளே வேலை செய்யும்போது நோய் இப்படித்தான் வெளியேறும். பாருங்கள், எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது!”

சிலர் கைதட்டவும் செய்தார்கள்.

சிக்னல் சார் மேடையிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. சால்வையைச் சுருட்டிப் பையன் தலைக்கடியில் கொடுத்து, அவனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவும் ஓடி வந்துவிட்டார். இழுப்பு விடுவதாயில்லை. டாக்டரம்மா பையிலிருந்து மருந்தெடுத்துக் கன்னத்துக்குள் விட்ட பிறகும் வெகுநேரம் நீடித்து, பிறகு ஓய்ந்தது.

சலவைக்கடை அம்மா பையன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

“சார், தப்பு என் மேலதான். போன வாரம் மறதியா ஒரு தடவை உப்புப் போட்டுட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

எழுந்து போய் மைக்குக்கு முன்னால் நின்றார். “முட்டைக்கோஸ் பொய்” என்றார். மண்டபம் அடங்கவில்லை. மறுபடியும் சொன்னார். “முட்டைக்கோஸ் பொய்ங்க. நான் பயந்துகிட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் பொண்ணுக்குக் குடுக்கறது கஞ்சா எண்ணெய். அதுலதான் வலிப்பு குறைஞ்சது. பாட்டில் என் வீட்டுல இருக்கு.”

மேற்படி தாவரத்தின் பெயரை அந்த மண்டபத்தில் யாரும் அதுவரை உச்சரித்ததில்லை. தலைவர் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

“தாங்கள் பயனாளியா, குற்றவாளியா? தெளிவாகச் சொல்லுங்கள்.”

“ரெண்டும்தான் சார். ரெண்டுக்கும் ஒரே வரிசைதானே வச்சிருக்கீங்க?”

போலீஸ்காரர்கள் அவரை அழைத்துக்கொண்டு போய், பயனடைந்தோர் வரிசையில் ஒரு நிமிஷம் முறைப்படி நிற்கவைத்து, பிறகு வேனில் ஏற்றினார்கள். உள்ளே தலைவர் செயலாளருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஒலிபெருக்கியில் கேட்டது: “சட்டத்தை மீறியவரின் அனுபவம், அனுபவமாகக் கருதப்பட மாட்டாது. எழுதுங்கள்: பயனடைந்தோர் எவருமிலர். மனு தள்ளுபடி. முட்டைக்கோஸ் ஆராய்ச்சி தொடரும்.”

வேன் நகரும்போது கம்பி வழியாக அவளைப் பார்த்தார். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். பிளாஸ்க்கைத் திறந்து தண்ணீரைத் தரையில் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

வழக்கு நடந்தது. நடந்தது என்று சொல்வதைவிட, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டது என்பதே சரி.

பாட்டிலைப் பறிமுதல் செய்தாயிற்று. அதில் இருப்பது கஞ்சா எண்ணெய்தான் என்று ஆய்வுக்கூடம் சான்று தர வேண்டும். ஆய்வுக்கூடம் வாரியத்துடையது. முதல் அட்டவணைப் பொருளை அது தொடக்கூடாது. தொடாமல் எப்படிச் சான்று தருவது?

“மோந்து பார்த்தாவது சொல்லுங்களேன்” என்று கேட்டாராம் இன்ஸ்பெக்டர்.

“மோந்து பாக்கறதும் ஆய்வுதான்” என்றாராம் ஆராய்ச்சி அதிகாரி.

நீதிமன்றத்தில் வாரியத்தின் சட்ட ஆலோசகர் எழுந்து சொன்னார்: “கனம் நீதிபதி அவர்களே, பாட்டிலில் இருப்பது மேற்படி தாவரத்தின் எண்ணெய் என்று வாரியம் ஒப்புக்கொண்டால், அதனால் ஒரு குழந்தைக்குக் குணம் தெரிந்ததையும் ஒப்புக்கொண்டதாக ஆகும். ஆகவே பாட்டிலில் இருப்பது என்னவென்று வாரியத்துக்குத் தெரியாது. தெரியாமலிருப்பது வாரியத்தின் உரிமை. அந்த உரிமையை நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.”

சிக்னல் சார் கூண்டிலிருந்து கையைத் தூக்கினார். “ஐயா, நான் குத்தவாளிதாங்க. நானே சொல்றேனே.”

“அதை நீர் முடிவு செய்ய முடியாது” என்றார் நீதிபதி. “நீர் குற்றமற்றவர். போகலாம்.”

“பாட்டில்?”

சட்ட ஆலோசகர் மறுபடி எழுந்தார். திருப்பிக் கொடுத்தால் எதைத் திருப்பிக் கொடுத்தோம் என்று குறிப்பிட வேண்டிவரும். ஆகவே கொடுக்க இயலாது.

அலுவலகத்தில் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். “குற்றமற்றவர்னு கோர்ட்டே சொல்லிடுச்சே, அப்புறம் என்ன சார்?” என்று தோளில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அவருக்கு அறை மாதிரி விழுந்தது. தான் செய்த குற்றத்தை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதற்கு அட்டவணையும் கிடையாது. போலீஸ் நிலையத்தில் போய், ஒரு தாயிடம் பொய் சொன்னேன், பிடித்து உள்ளே போடுங்கள் என்றால் சிரிப்பார்கள்.

மச்சினனுடைய லாரியை ஒவ்வொரு நடைக்கும் நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். அவனால் ஒன்றும் கொண்டுவர முடியவில்லை. பாப்பாவுக்கு வலிப்பு திரும்பியது. முதலில் ஒன்று இரண்டு, பிறகு பழையபடி. மேஜை முனைகளில் மறுபடி துணி ஏறியது. மனைவி அவரோடு பேசுவதை அநேகமாக நிறுத்தியிருந்தாள். பேசியபோது ஒன்றே ஒன்று கேட்டாள். “போலீஸுக்குப் பயந்தீங்க, சரி. அந்தம்மா காதுல மெதுவா உண்மையைச் சொல்லியிருந்தா அது காட்டிக்குடுக்கற முகமா? நம்ம மாதிரியே பிள்ளையைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தவங்கதானே?”

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சலவைக்கடைக்குப் போனார்.

உள்ளே ஆவியும் சோப்பு வாசனையுமாக இருந்தது. கம்பியில் வரிசையாக உடுப்புகள் தொங்கின. அவள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் துணி மூட்டை மேல் பையன் உட்கார்ந்து பொத்தான்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தான். நெற்றியில் தழும்பு. முன்னால் இரண்டு பல் இல்லை. ஆனால் முகம் தெளிந்திருந்தது. அந்தத் தெளிவு எதனால் வரும் என்று அவருக்குத் தெரியும்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“பையன்…” என்று ஆரம்பித்தார்.

“அன்னிக்கு விழுந்ததுக்கப்புறம் ரொம்ப நாள் பேச்சே வரல. இப்பத்தான் அம்மான்றான்.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “நீங்க மைக்ல சொன்னீங்கல்ல, அதைக் கேட்டுட்டு நானே இவனைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி எல்லையைத் தாண்டிட்டேன். அங்க டாக்டர் பார்த்து எழுதிக் குடுத்தாரு. வர்ற வழியில யாரும் என்னைச் சோதிக்கல. அழுக்கு மூட்டைக்குள்ள யாரு சார் கையை விடுவா?”

“அம்மா, நான்…”

“தினமும் குடுத்தேன் சார். வேண்டாம்னு அழுவான். வாந்தி எடுப்பான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊத்துவேன். சார் சொன்னாரு, சார் பொய் சொல்ல மாட்டாருன்னு.”

அவர் கையைக் கூப்பினார்.

“மன்னிப்பு எதுவும் கேக்காதீங்க. அது என்கிட்ட இல்ல” என்றாள். பிறகு சட்டையை மடித்துக்கொண்டே, “பாப்பா எப்படி இருக்கா?”

“மறுபடியும் வருதும்மா. பாட்டிலைக் கோர்ட்டுல வச்சுக்கிட்டாங்க.”

அவள் உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் மருந்துப் பாட்டில், இன்னொரு கையில் கழுவிக் காயவைத்த சின்னக் குப்பி. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பாதியைக் குப்பிக்குள் ஊற்றினாள். சொட்டு சிந்தவில்லை.

“பிடிங்க. உங்களுக்கில்ல, பாப்பாவுக்கு.”

அவர் வாங்கிக்கொண்ட நேரத்தில் கடைக்குள் ஒரு போலீஸ்காரர் நுழைந்தார். இஸ்திரிக்குக் கொடுத்த உடுப்பை வாங்க வந்தவர். சிக்னல் சாரின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அவள் அதைப் பார்த்தாள்.

“உங்க சட்டை அந்தக் கம்பியில இருக்கு சார்” என்று போலீஸ்காரரிடம் சொன்னாள். பிறகு இவரிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமல், கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “சாப்பிட்ட பின்னாடி குடுங்க. நாக்குக்கு அடியில. எண்ணெயை நல்லா குலுக்கிட்டு.”

போலீஸ்காரர் சட்டையை எடுத்துக்கொண்டே, “என்ன மருந்து அது?” என்றார். சும்மா கேட்ட கேள்விதான்.

அவள் சிக்னல் சாரையே பார்த்தாள். பையன் கூடப் பொத்தான் கோப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

அவர் கையைப் பையிலிருந்து எடுத்தார். குப்பி உள்ளங்கையில் இருந்தது.

“கஞ்சா எண்ணெய் சார். என் பொண்ணுக்கு வலிப்பு இருக்கு” என்றார்.

போலீஸ்காரர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். குப்பியைப் பார்த்தார். பையன் நெற்றியைப் பார்த்தார். “நான் இன்னும் கடைக்குள்ள வரல” என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, வந்த வழியே பின்பக்கமாக நடந்து வெளியே போனார்.

சிக்னல் சார் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்டது போல அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முகம் மாறவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்து, ஈரச் சட்டை ஒன்றின் மேல் வைத்து அழுத்தினாள்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே வாய்ல வந்திருக்கலாம் சார், இந்த வார்த்தை” என்றாள். “நான் போலீஸ்கூட இல்லையே.”